பார்த்ததே தெரியாமல் ஒரு படம் நம் கவனத்தை இழுக்குமா?

"நீங்கள் பார்ப்பதற்கு முன்பே உங்கள் மூளை பாம்பைப் பார்த்துவிடுகிறது" என்ற பாணியில் அறிவியல் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அச்சமூட்டும் முகமோ, பாம்போ, சிலந்தியோ நம் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் திரையில் வந்து போனாலும், மூளை அதைப் பிடித்துக்கொண்டு கவனத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும் என்பது இவற்றின் சாரம். இதில் பாதி வலுவான உண்மை. மறுபாதி, ஆய்வகத்தில் கிடைத்த சான்று தாங்கக்கூடிய எடையைவிட அதிக எடையைச் சுமந்து நிற்கிறது. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்க, அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கவனம் வேறு, நனவு வேறு

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. இத்தனை தகவல் வந்தாலும், துல்லியமாகப் பார்க்க உதவுவது விழித்திரையின் நடுவில் உள்ள சிறு குழிவு மட்டும்தான். கையை முன்னால் நீட்டினால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். ஆகவே எதை முதலில் அலசுவது, எதைத் தள்ளிவைப்பது என்று மூளை ஓயாமல் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தேர்வைத்தான் கவனம் என்கிறோம்.

கண்ணை அசைக்காமலேயே கவனத்தை நகர்த்த முடியும் என்பதை 1980இல் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் போஸ்னர் எளிய சோதனைகளில் காட்டினார். பார்வை நடுப்புள்ளியில் நிலைத்திருக்கும்போதே ஓரத்தில் ஓர் இடத்துக்குக் கவனம் போய்விட்டால், அந்த இடத்தில் தோன்றும் பொருளுக்கு நாம் கொடுக்கும் பதில் சில பத்து மில்லி விநாடிகள் முந்திவிடும். (ஒரு மில்லி விநாடி என்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) கவனத்தை அளக்க இன்றுவரை பயன்படும் அளவுகோல் இந்த முந்தல்தான்.

நனவு என்று இங்கே சொல்வது, "எனக்கு இது தெரிகிறது" என்று ஒருவர் அறிந்து சொல்லக்கூடிய நிலையை. வழக்கமாகக் கவனமும் நனவும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். "நனவில்லாமல் கவனம் ஈர்க்கப்படுமா?" என்ற கேள்விக்குப் பொருள் கிடைப்பதே, இவை பிரியக்கூடும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான்.

கண் முன்னே இருப்பதை மறைக்கும் மூன்று வழிகள்

1. பின்மறைப்பு. ஒரு படத்தை 17 முதல் 33 மில்லி விநாடி வரை மட்டும் காட்டி, உடனே அதே இடத்தில் வேறொரு படத்தை வைப்பார்கள். இரண்டாவது படம் முதல் படத்தை விழுங்கிவிடும். பார்ப்பவர் இரண்டாவதை மட்டுமே கண்டதாகச் சொல்வார். ஒருமுறை கண் சிமிட்டவே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது என்பதை வைத்து இந்த வேகத்தை எடைபோடலாம்.

2. இருவிழிப் போட்டி. இடக்கண்ணுக்கு ஒரு படமும் வலக்கண்ணுக்கு முற்றிலும் வேறொரு படமும் காட்டினால் மூளை இரண்டையும் கலப்பதில்லை. சில விநாடி ஒன்று, சில விநாடி மற்றொன்று என மாறி மாறித் தெரியும். தெரியாத நேரத்திலும் மற்றப் படம் விழித்திரையில் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

3. தொடர் மின்னல் மறைப்பு. 2005இல் நவோட்சுகு சுச்சியாவும் கிறிஸ்டாஃப் கோக்கும் முன்வைத்த முறை. ஒரு கண்ணுக்கு வண்ணக் கட்டங்கள் நிறைந்த படங்களை விநாடிக்குச் சுமார் பத்து என்ற வேகத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால், மறு கண்ணுக்குக் காட்டப்படும் நிலையான படம் பல விநாடிகளுக்கு நனவுக்கு எட்டுவதே இல்லை. மறைந்திருக்கும் படம் எப்போது மறைப்பை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது என்று நேரத்தைக் குறித்து, எந்தப் படத்துக்கு மூளை முன்னுரிமை தருகிறது என்று கணிப்பார்கள்.

மறைத்த பிறகு கவனத்தை அளக்க, புள்ளித் தேடல் என்ற சோதனை பெரிதும் பயன்படுகிறது. 1986இல் மெக்லியாட், மேத்யூஸ், டாட்டா ஆகியோர் இதை உருவாக்கினார்கள். அவர்கள் காட்டியது சொற்களை. பின்னால் வந்தவர்கள் படங்களுக்கு மாறினார்கள். இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம். ஒன்று அச்சமூட்டுவது, மற்றொன்று சாதாரணம். இரண்டும் மறைந்ததும் ஒரு பக்கத்தில் புள்ளி தோன்றும். அச்சப் படம் இருந்த பக்கத்தில் தோன்றும் புள்ளிக்குப் பதில் வேகமாக வந்தால், கவனம் முன்னதாகவே அங்கே போயிருந்தது என்று பொருள்.

சோதனைகளில் கண்டவை

ஸ்வீடன் உளவியலாளர் ஆர்னே ஓமனும் ஜோக்கிம் சோரெஸும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்புமுனைகளில் ஒன்று. பாம்புக்கு அஞ்சுபவர்களுக்கும் சிலந்திக்கு அஞ்சுபவர்களுக்கும் அந்தப் படங்களை 30 மில்லி விநாடி மட்டும் காட்டி மறைத்தார்கள். என்ன பார்த்தோம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் உள்ளங்கை வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்துத்திறன் ஏறியது. பாம்புக்கு அஞ்சுபவருக்குப் பாம்புப் படத்தின்போது, சிலந்திக்கு அஞ்சுபவருக்குச் சிலந்திப் படத்தின்போது. அதாவது உடல் வெறுமனே துணுக்குறவில்லை. தனக்குரிய அச்சத்தை அது பிரித்தறிந்தது.

1998இல் பால் வேலன் குழுவினர் அஞ்சிய முகங்களை 33 மில்லி விநாடி காட்டி மறைத்து, மூளையின் செயல்பாட்டை ஸ்கேன் செய்தார்கள். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததாகவே சொல்லவில்லை. அவர்களுடைய அமிக்டலா மட்டும் பதில் கொடுத்தது. (அமிக்டலா என்பது இரு பக்கத்திலும் காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில் இருக்கும் பாதாம் பருப்பு வடிவப் பகுதி. ஆபத்தை எடைபோடுவதிலும் அதற்கு உடலைத் தயார்படுத்துவதிலும் பெரும்பங்கு வகிக்கிறது.) 2004இல் அதே குழு இன்னும் ஒரு படி போய், முழு முகத்தை விட்டுவிட்டுக் கண்ணின் வெள்ளையை மட்டும் 17 மில்லி விநாடி காட்டியது. அச்சத்தில் விரிந்த கண்ணின் வெள்ளைக்கே அமிக்டலா கூடுதலாகப் பதில் தந்தது. இந்தக் கண் வெள்ளை பிறகு பெரிய தகராறுக்குக் காரணமாகப் போகிறது, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2007இல் யூனிஸ் யாங், டேவிட் ஸால்ட், ராண்டால்ஃப் பிளேக் ஆகியோர் தொடர் மின்னல் மறைப்பில் அஞ்சிய முகங்களை ஒளித்துவைத்தார்கள். சாதாரண முகங்களையும் மகிழ்ச்சி முகங்களையும்விட அவை விரைவாக மறைப்பை உடைத்து வெளிவந்தன.

ஆய்வகக் கருவிகளைவிட எனக்கு அதிகம் நம்பிக்கை தருபவை நோயாளிகளிடம் கிடைத்த சான்றுகள். மூளையின் பின்புறத்தில், கண்ணிலிருந்து வரும் தகவலை அலசும் மேலடுக்கான பார்வைப் புறணி சிதைந்துபோனால் கண் நலமாக இருந்தும் பார்வை போய்விடும். அப்படிப்பட்டவர்களில் சிலர் "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே, பொருள் இருக்கும் இடத்தைச் சரியாகச் சுட்டிக்காட்டினார்கள். லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் 1970களில் ஆராய்ந்து பெயரிட்ட இந்த நிலையைக் குருட்டுப் பார்வை என்கிறார்கள். 1999இல் பியாட்ரீஸ் டி கெல்டர் குழு, இத்தகைய ஒருவரால் தெரியாத பகுதியில் காட்டப்பட்ட முகங்களின் உணர்ச்சியைக்கூடத் தற்செயலை விஞ்சும் அளவுக்குச் சரியாக ஊகிக்க முடிகிறது என்று கண்டது. அடுத்தடுத்து இரண்டு பக்கவாதங்களில் இருபுறப் பார்வைப் புறணியையும் இழந்த இன்னொருவரிடம், உணர்ச்சி காட்டும் முகங்களுக்கு வலது அமிக்டலா பதில் தருவதை 2005இல் ஆலன் பெக்னா குழு பதிவுசெய்தது.

கவனத்தோடு நேரடியாகத் தொடர்புடையது மற்றொரு வகைச் சேதம். வலது மூளையின் பக்கப்பகுதி அடிபட்டவர்களுக்கு, இருபக்கமும் ஒரே நேரத்தில் படம் காட்டினால் இடப்பக்கப் படம் இல்லாதது போலவே தோன்றும். கண் பார்க்கிறது, கவனம் போவதில்லை. பாட்ரிக் வியூமியேயும் சோஃபி ஷ்வார்ட்ஸும் 2001இல் இவர்களுக்கு ஒரே மாதிரிக் கோடுகளால் வரைந்த சிலந்தியையும் பூவையும் காட்டினார்கள். பூவைவிடச் சிலந்தி குறைவாகவே தவறிப்போனது. கோடுகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் பொருள் வேறுபட்டதால் விளைவு வேறுபட்டது என்பதுதான் இதன் வலிமை.

குறுக்குப்பாதை உண்டா?

விழித்திரையிலிருந்து கிளம்பும் இழைகளில் பெரும்பகுதி, புலன் தகவல்களைப் பிரித்தனுப்பும் தலாமஸ் என்ற மூளைப் பகுதி வழியாகப் பார்வைப் புறணிக்குப் போகிறது. நாம் "பார்ப்பது" என்று உணர்வதெல்லாம் இந்த வழியை நம்பியே இருக்கிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேறு திசையில், நடுமூளையில் உள்ள மேல் காலிக்குலஸ் என்ற மேட்டுக்குப் போகிறது. கண்ணையும் தலையையும் சட்டென்று திருப்பும் வேலை அதனுடையது. அங்கிருந்து தலாமஸின் பின்பகுதியான பல்வினார், பல்வினாரிலிருந்து அமிக்டலா என்று ஒரு தொடர்ச்சியை ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். புறணியைத் தொடாமல் போவதால் வேகம் கூடும்; விவரம் குறையும்.

இந்தக் கருத்துக்கு வலுவூட்டியவர் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜோசஃப் லெடூ. தலாமஸிலிருந்து அமிக்டலாவுக்கு நேராகப் போகும் "கீழ்ப்பாதை", புறணி வழியாகச் சுற்றிப்போகும் "மேல்பாதை" என்று அவர் பிரித்தார். கீழ்ப்பாதையில் தகவல் ஏறக்குறைய 12 மில்லி விநாடியில் சேர்ந்துவிடுகிறது என்று கணக்கிட்டார். கயிற்றைக் கண்டு பாம்பென்று துள்ளிவிட்டு, பிறகு கயிறுதான் என்று தெளிவது இந்த இரு வேகங்களின் இடைவெளியால்தான் என்பது கேட்கக் கச்சிதமான விளக்கம். ஆனால் செய்திகள் விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு: அந்த 12 மில்லி விநாடி எலிகளின் மூளையில், அதுவும் ஒலிக்கு அஞ்சப் பழக்கிய எலிகளிடம் அளந்தது. மனிதப் பார்வைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

மனிதர்களிடம் நேரடி அளவீடு 2016இல் வந்தது. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டவர்களிடம், அஞ்சிய முகத்தின் மங்கலான, பெருங்கோட்டு வடிவத்துக்கு அமிக்டலா 74 மில்லி விநாடியிலேயே பதில் தரத் தொடங்குவதை மெண்டெஸ்-பெர்டோலோ குழு கண்டது. மனிதர்களிடமும் வேகமான வழி ஒன்று இருப்பதற்குக் கிடைத்த நல்ல சான்று இது.

எதிர்த்தரப்பும் வலுவானதே. லூயிஸ் பெசோவாவும் ரால்ஃப் அடால்ஃப்ஸும் 2010இல் வாதிட்டது இதுதான்: பார்வைப் புறணியே மிக வேகமானது, அதிலிருந்து அமிக்டலாவுக்குப் பல வழிகள் இருக்கின்றன, ஒற்றைக் குறுக்குப்பாதைமேல் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. இதற்கு ஒரு வருடம் முன்பு அடால்ஃப்ஸும் சுச்சியாவும் வேறு சிலரும் சேர்ந்து, அரிய நோயால் இருபக்க அமிக்டலாவும் அழிந்த ஒரு பெண்ணைச் சோதித்திருந்தார்கள். முகத்தில் தெரியும் அச்சத்தை "இது அச்சம்" என்று பெயர்சொல்லி அறிவதில் அவருக்குப் பெரிய குறை இருந்தது. ஆனால் வேகமாகக் கண்டுபிடிக்கும் சோதனையில் மற்றவர்களைப் போலவே அஞ்சிய முகங்களுக்கு அவரிடம் முன்னுரிமை தெரிந்தது. மறைப்பை உடைத்து வெளிவரும் சோதனையிலும் அப்படியே. கவன ஈர்ப்புக்கு அமிக்டலாதான் ஒரே வாசல் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. "அமிக்டலா என்பது மூளையின் பய மையம்" என்ற ஒற்றை வரியோடு நிற்கும் விளக்கங்களை இதற்குப் பிறகு அப்படியே ஏற்க முடியாது.

"தெரியவில்லை" என்பதை எப்படி நிரூபிப்பது?

இந்தத் துறையின் மிகக் கடினமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1. சொல்வதும் தெரிவதும் ஒன்றல்ல. மங்கலாக ஏதோ பட்டது, உறுதியில்லை என்பவர் "பார்க்கவில்லை" என்றே சொல்லக்கூடும். ஆகவே "இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்" என்று கட்டாயப்படுத்திக் கேட்கும் கடுமையான சோதனை தேவைப்படுகிறது. 2005இல் பெசோவா, ஜாப்பீ, உங்கர்லைடர் ஆகியோர் அப்படிச் சோதித்தபோது, 33 மில்லி விநாடி காட்டி மறைத்த அஞ்சிய முகங்களைப் பலர் உண்மையில் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று தெரியவந்தது. ஆளுக்கு ஆள் இந்த எல்லை வெகுவாக மாறுகிறது. "33 மில்லி விநாடி என்றால் யாருக்கும் தெரியாது" என்ற எண்ணத்தில் எழுந்த முடிவுகள் எல்லாம் இதனால் ஆட்டம் காண்கின்றன.

2. சலித்தெடுப்பதில் ஒளிந்திருக்கும் பிழை. சோதனை முடிந்தபின், படம் தெரிந்தவர்களை நீக்கிவிட்டுத் தெரியாதவர்களை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எந்த அளவீட்டிலும் தற்செயல் ஏற்ற இறக்கம் உண்டு. அன்று துரதிர்ஷ்டவசமாகக் குறைந்த மதிப்பெண் எடுத்த, உண்மையில் கொஞ்சம் தெரிந்தவர்களும் "தெரியாதவர்" பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். இவர்களிடம் காணும் விளைவை நனவற்ற விளைவென்று எழுதிவிடுவோம். டேவிட் ஷாங்க்ஸ் 2017இல் இதைப் புள்ளியியல்முறையில் விரிவாகக் காட்டினார்.

3. ஈர்ப்பது அச்சமா, வெறும் வடிவமா? கண்ணின் வெள்ளை திரும்ப வரும் இடம் இது. விரிந்த கண், திறந்த வாய் ஆகியவற்றில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு அதிகம். அப்படியொரு படம், அதில் அச்சம் இருக்கிறது என்று மூளை புரிந்துகொள்ளாமலேயே முந்தி வரலாம். 2013இல் கேட்டி கிரே குழுவினர் முகங்களைத் தலைகீழாக்கியும் ஒளி-இருளை மாற்றியும், உணர்ச்சியை அடையாளம் காண்பதே கடினமாகும்படி செய்து காட்டினார்கள். அப்போதும் அஞ்சிய முகத்தின் முன்னுரிமை மறையவில்லை. முன்னுரிமைக்குக் காரணம் உணர்ச்சி என்றால், உணர்ச்சி அழிந்தபின் அதுவும் அழிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபத்தை முழுத் தோல்வியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கணிப்பு. மனித முகத்தில் அச்சம் கண்ணை விரிக்கும் வடிவத்தை எடுத்ததே, மற்றவர் கண்ணில் எளிதில் படுவதற்காக இருக்கலாம். அப்படியானால் எச்சரிக்கைக் குறி தன்னைப் பார்வைக்கு ஏற்ப வடிவமைத்துக்கொண்டது. மூளைக்குள் தனியாக நனவற்ற அபாயக் கண்டுபிடிப்பான் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இது சிறிய வேறுபாடு போலத் தெரியும். "மூளை ஆபத்தைப் புரிந்துகொள்கிறது" என்ற செய்தித் தலைப்புக்கும் உண்மைக்கும் உள்ள தொலைவு முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

2016இல் நிக்கலஸ் ஹெட்ஜர் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். மறைத்துக் காட்டிய புள்ளித் தேடலில் விளைவு சிறியது. இருவிழிப் போட்டியில் நடுத்தரம். மின்னல் மறைப்பை உடைக்கும் சோதனையில் ஆய்வுக்கு ஆய்வு முரண்பாடு. மூன்று முறைகளிலும் தவறாமல் முன்னுரிமை பெற்றது அஞ்சிய முகம் ஒன்றே. மற்ற அச்சப் படங்களுக்கு அந்த உறுதி இல்லை. நனவில்லாமலே அச்சத்தைப் பிரித்தறிகிறோம் என்பதற்கு நடத்தைச் சோதனைகள் தரும் சான்று பலவீனமானது என்பதே அவர்களின் முடிவு.

பாம்பு பிறவியிலா, பழக்கத்திலா?

நனவுக்கு எட்டும் காட்சிகளில் பாம்புக்கு முன்னுரிமை இருப்பதில் பெரிய சந்தேகம் இல்லை. 2008இல் வனெஸா லோபூவும் ஜூடி டிலோச்சும் சோதித்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகள், பூக்கள் நடுவே பாம்பை விரைவாகக் கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் வளர்ந்து பாம்பையே கண்டிராத குரங்குகள், மற்றக் குரங்கு பாம்புக்கு அஞ்சுவதை வீடியோவில் பார்த்து அஞ்சக் கற்றுக்கொண்டன. பூவுக்கு அஞ்சுவதுபோல் காட்டியபோது கற்கவில்லை. சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் செய்த சோதனைகள் இவை. ஆனால் 2006இல் இசபெல் பிளான்செட், துப்பாக்கி போன்ற நவீன ஆபத்துகளையும் மக்கள் பாம்பளவுக்கு வேகமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று காட்டினார். துப்பாக்கிக்கென்று பரிணாமம் தயார்செய்திருக்க முடியாது. பிறவிச் சாய்வும் கற்ற அனுபவமும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

பதற்றம் உள்ளவர்களுக்கு என்ன ஆகிறது?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழிக்கு இங்கே எண் கிடைக்கிறது. 2007இல் யாயிர் பார்-ஹைம் குழுவினர் 172 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, பதற்றம் மிகுந்தவர்களின் கவனம் அச்சமூட்டுபவற்றின் பக்கம் சாய்வது நடுத்தர அளவில், நிலையாகத் தெரிந்தது. பதற்றம் இல்லாதவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. ஓமனின் சோதனையிலும் பாம்புப் படத்துக்குக் கூடுதலாக வியர்த்தவர்கள் பாம்புக்கு அஞ்சுபவர்கள்தாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். "மனித மூளை இப்படித்தான்" என்று எல்லோருக்கும் பொதுவாக்கும் வாக்கியங்கள் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றன. கூடவே ஓர் எச்சரிக்கை: புள்ளித் தேடல் குழுக்களை ஒப்பிட உதவும் அளவுக்குத் தனி ஒருவரை எடைபோட உதவாது. ஒரே ஆளுக்கு இருமுறை வைத்தால் முடிவு ஒத்துப்போவதில்லை என்று ஸ்டெஃபான் ஷ்முக்லே 2005இல் காட்டிவிட்டார். இதை வைத்து உங்கள் பதற்றத்தை அளப்பதாகச் சொல்லும் எந்தச் செயலியையும் நம்ப வேண்டாம்.

விளம்பரமும் சிகிச்சையும்

மறைபடங்களால் நம்மை ஆட்டிவைக்க முடியுமா என்ற அச்சம் பழையது. 1957இல் ஜேம்ஸ் விக்கரி என்ற அமெரிக்க விளம்பர ஆய்வாளர், திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாசகங்களைக் காட்டிப் பாப்கார்ன், கோகோ கோலா விற்பனையை உயர்த்தியதாக அறிவித்தார். தன்னிடம் இருந்த தரவு பொருட்படுத்த முடியாத அளவுக்குச் சிறியது என்று 1962இல் அவரே ஒப்புக்கொண்டார். மேலே கண்ட விளைவுகள் உண்மையானவையாக இருந்தாலும் அவற்றின் அளவு சில மில்லி விநாடிகள், வியர்வையில் ஒரு சிறு ஏற்றம். அது ஒருவரை ஒரு முடிவுக்குத் தள்ளும் என்பதற்கு இந்தச் சோதனைகளில் ஆதாரம் இல்லை. அச்சமூட்டும் படங்களால் நம் கவனத்தைப் பறிக்க விரும்புபவருக்கு அவற்றை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. செய்தித் தளத்திலும் வீடியோ பட்டியலிலும் அலறும் முகத்தை வெளிப்படையாக, பெரிதாக வைப்பதுதான் வேலை செய்கிறது.

சிகிச்சையில்தான் இந்த ஆராய்ச்சிக்கு உண்மையான பயன் இருக்கக்கூடும். அச்சத்தை நேருக்கு நேர் சந்திக்க வைக்கும் சிகிச்சை பலன் தரக்கூடியது. ஆனால் அதைத் தாங்க முடியாமல் பாதியில் விடுபவர்கள் உண்டு. படத்தை நனவுக்கு எட்டாமல் காட்டி அச்சத்தைத் தணிக்க முடிந்தால் அவர்களுக்குப் பெரிய நிம்மதி. 2018இல் டாஷெரோ-டுமூஷெல், ஹக்வான் லாவ், மிட்சுவோ கவாட்டோ ஆகியோரின் குழு, அஞ்சும் விலங்கின் படத்தைக் காட்டாமலேயே அதற்குரிய மூளைச் செயல்பாட்டுக் கோலம் தோன்றும்போதெல்லாம் பரிசளித்துப் பழக்கியது. பங்கேற்றவர்களுக்கு எதற்குப் பரிசு கிடைக்கிறது என்றே தெரியாது. அதன்பின் அந்த விலங்கின் படத்துக்கு அவர்களின் தோல் எதிர்வினையும் அமிக்டலா எதிர்வினையும் குறைந்தன.

உடலின் எதிர்வினை குறைந்தால் "பயமாக இருக்கிறது" என்ற உணர்வும் குறையுமா என்பது தனிக் கேள்வி. லெடூவே டேனியல் பைனோடு சேர்ந்து 2016இல் தன் பழைய சொல்லாடலைத் திருத்தினார். அமிக்டலாவைச் சுற்றியுள்ள அமைப்பு செய்வது நனவில்லாமலும் நடக்கக்கூடிய தற்காப்பு வேலை. அச்சம் என்ற அனுபவம் புறணியின் துணையோடு தனியாக உருவாகிறது என்கிறார்கள் அவர்கள். விலங்குகளின் தற்காப்பு நடத்தையைக் குறைத்த மருந்துகள் மனிதரின் பதற்ற உணர்வைக் குறைப்பதில் ஏமாற்றம் தந்ததற்கு இதையே காரணமாகக் காட்டுகிறார்கள். ஆகவே மறைபடச் சிகிச்சை எதுவானாலும், வியர்வையையும் அமிக்டலாவையும் அளப்பதோடு நிறுத்தாமல், சிகிச்சைக்கு வந்தவரிடம் பயம் குறைந்ததா என்றும் கேட்டே அதன் பலனை முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.